வலைக்கு மேலே கை எழ: வீட்டிலேயே செய்யக்கூடிய 12 வாரப் பயிற்சி

வாலிபால் ஆடத் தொடங்கும் எவரையும் முதலில் மிரட்டுவது வலையின் உயரம்தான். ஆண்கள் ஆட்டத்தில் 2.43 மீட்டர், பெண்கள் ஆட்டத்தில் 2.24 மீட்டர். 170 செ.மீ. உயரமுள்ள இளைஞர் ஒருவர் நின்றபடி கையை நீட்டினால் விரல் நுனி ஏறத்தாழ 220 செ.மீ. வரை எட்டும். அவர் 23 செ.மீ. எம்பினால் வலையின் மேல்விளிம்பைத் தொடலாம், அவ்வளவுதான். பந்தின் குறுக்களவே 21 செ.மீ. இருக்கிறது. பந்தை வலைக்கு மேலே வைத்து ஓங்கி அடிக்க வேண்டுமானால் 45 செ.மீ.யாவது எம்பியாக வேண்டும். ஊர் மைதானங்களில் நல்ல கையும் நல்ல கண்ணும் உள்ள எத்தனையோ பேர் பின்வரிசையிலேயே நின்றுவிடுவதற்கு இந்த இருபது சொச்சம் செ.மீ. தான் காரணம். அதை நிரப்ப ஜிம் தேவையில்லை. ஒரு மாடிப்படி, ஒரு முதுகுப்பை, மூன்று மாதப் பொறுமை இருந்தால் அதில் ஒரு பகுதியை நிரப்பிவிடலாம்.

எம்புவது பிறவியிலேயே வர வேண்டும் என்று நம்புகிறவர்கள் ரே யூரியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கரான இவர் சிறுவயதில் போலியோவால் தாக்கப்பட்டவர். கால்களைத் தேற்றிக்கொள்ளத் தாமாகவே உடற்பயிற்சி செய்யத் தொடங்கினார். அந்தக் காலத்து ஒலிம்பிக்கில் ஓடிவராமல் நின்ற இடத்திலிருந்தே தாண்டும் போட்டிகள் இருந்தன. 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் நின்றபடி உயரம் தாண்டுதலில் 1.65 மீட்டரைக் கடந்து தங்கம் வென்றார். 1904, 1908 ஆகிய ஆண்டுகளிலும் அதே போட்டியில் தங்கம் அவருக்குத்தான். உடல்வாகுக்கு ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இதுவரை முறையாகப் பயிற்சியே செய்யாத ஒருவர் உடல்வாகைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை.

பயிற்சி என்றதும் பலர் உடனே செய்வது, தினமும் மொட்டைமாடியில் நூறு இருநூறு முறை குதிப்பது. அதில் மூச்சுப் பலம் கூடும், முழங்கால் வலிக்கும், எம்பும் உயரம் மட்டும் அப்படியே இருக்கும். காரணம் எளிது. நீங்கள் எவ்வளவு உயரம் போவீர்கள் என்பது பாதம் தரையை விட்டுப் பிரியும் கணத்தில் உங்களுக்கு இருக்கும் வேகத்தைப் பொறுத்தது. 50 செ.மீ. எம்ப வேண்டுமானால் அந்த வேகம் நொடிக்கு 3.1 மீட்டராக இருக்க வேண்டும். அந்த வேகத்தை உண்டாக்க, தரையை மிதித்துத் தள்ளக் கிடைக்கும் நேரம் அரை நொடிக்கும் குறைவு. ஆகவே கால்களுக்கு இரண்டு தகுதிகள் வேண்டும்: நிறைய விசை, அதை மிகக் குறுகிய நேரத்தில் வெளிப்படுத்தும் விரைவு. களைத்துப்போன காலால் நூறாவது முறை அரைகுறையாகக் குதிக்கும்போது இந்த இரண்டில் எதுவும் வளர்வதில்லை. மெதுவாகக் குதிக்கத்தான் உடல் பழகுகிறது. குறைவாக, முழு வேகத்தில், நன்றாக ஓய்வெடுத்துக் குதிக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவெடுங்கள்

சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். குதிகால் தரையில் பதிந்திருக்க, சுவர்ப்பக்கக் கையை முடிந்தவரை உயர்த்தி, சாக்பீஸ் தூள் தடவிய விரலால் ஒரு குறி வையுங்கள். பிறகு அதே இடத்திலிருந்து, முன்னடி வைக்காமல், எம்பி உச்சியில் இன்னொரு குறி. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே உங்கள் அளவு. ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஒரு நிமிடம் விட்டு மூன்று முறை செய்து, சிறந்ததை எழுதி வையுங்கள். தட்லி சார்ஜென்ட் என்ற அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர் 1921இல் எழுதி வெளியிட்ட முறையிலிருந்து வந்தது இது. நூறாண்டு கழிந்தும் பள்ளி விளையாட்டுத் தேர்வுகளில் இதுவே நடக்கிறது.

வாடகை வீட்டுச் சுவரில் கறை படியக் கூடாது என்றால் கைப்பேசி போதும். நொடிக்கு 240 படங்கள் எடுக்கும் மெதுவசைவு (ஸ்லோ மோஷன்) வசதி இன்று பல கைப்பேசிகளில் இருக்கிறது. பாதத்தின் அருகே தரையில் வைத்துப் படம் பிடித்து, கால்விரல் தரையை விட்ட படத்திலிருந்து மீண்டும் தரையைத் தொட்ட படம் வரை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை 240ஆல் வகுத்தால் நீங்கள் காற்றில் இருந்த நேரம் நொடியில் கிடைக்கும். அதை அதனாலேயே பெருக்கி, பிறகு 122.6ஆல் பெருக்கினால் உயரம் செ.மீ. கணக்கில் வந்துவிடும். 120 படங்கள் என்றால் அரை நொடி, ஏறத்தாழ 31 செ.மீ. 144 படங்கள் என்றால் 0.6 நொடி, 44 செ.மீ. காற்றில் முழங்காலை மடக்கினால் கணக்கு பொய்யாகிவிடும். கால் நீட்டிய நிலையிலேயே தரையைத் தொட்டு, அதன் பிறகு முழங்காலை மடக்குங்கள்.

அளவெடுப்பதை நான்கு வாரத்துக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். தினமும் அளந்தால் இரண்டு செ.மீ. ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் மனம் வாடும்.

எங்கே குதிப்பது

மண் தரை கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. கொல்லைப்புறமோ பள்ளி மைதானமோ பரவாயில்லை. சிமென்ட் தளம்தான் இருக்கிறது என்றால் அடிப்பாகம் தேயாத விளையாட்டுக் காலணியோடு, குதிக்கும் எண்ணிக்கையைக் குறைத்துச் செய்யலாம். வழவழப்பான டைல்ஸ் தரையும் மெத்தையும் வேண்டாம். முன்னது வழுக்கும், பின்னதில் கணுக்கால் பிசகும். பொங்கல் போட்டிகளை மனத்தில் வைத்துப் பயிற்சி தொடங்குவோர் அக்டோபர் கடைசியில் ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். மொட்டைமாடியில் பாசி பிடித்திருக்கும். மழை நாளில் குதிப்பதை விட்டுவிட்டு, வீட்டுக்குள் வலுப் பயிற்சியை மட்டும் செய்யுங்கள்.

எம்புவதற்கு முன் இறங்கப் பழகுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போய்விடும் பகுதி இது. நான் மிகவும் வலியுறுத்துவதும் இதைத்தான். எம்பும் ஒவ்வொரு முறையும் நீங்கள் இறங்கியாக வேண்டும். இறங்கும்போது உங்கள் எடையைப் போலப் பலமடங்கு விசை காலில் ஏறுகிறது. அதைத் தசைகள் வாங்கிக்கொள்ளாவிட்டால் மூட்டும் தசைநாணும் வாங்கிக்கொள்ளும்.

மாடிப்படியின் கடைசிப் படியில் நில்லுங்கள். அதன் உயரம் 15 முதல் 18 செ.மீ. வரை இருக்கும், போதும். குதிக்காமல், ஒரு காலை முன்னே நீட்டி அப்படியே விழுவதுபோல் இறங்கி, இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்படி நில்லுங்கள். முன்பாதம் முதலில் படிய வேண்டும், உடனே குதிகாலும் மெல்லப் பதிய வேண்டும். இடுப்பு பின்னால் போய், முழங்கால் மடங்கி, நாற்காலியில் பாதி உட்கார்ந்த நிலையில் அசையாமல் இரண்டு நொடி நில்லுங்கள். சத்தத்தைக் கேளுங்கள். 'தடால்' என்று கேட்டால் தவறு. கீழ்வீட்டுக்காரருக்குத் தெரியாதபடி இறங்க முடிகிறவரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று, முழங்கால்கள் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று நோக்கி வருகின்றனவா என்று பாருங்கள். முன்னாலிருந்து ஒருவரைப் படம் எடுக்கச் சொன்னால் தெளிவாகத் தெரியும். முழங்கால் எப்போதும் பாதத்தின் நடுவிரல் இருக்கும் திசையிலேயே மடங்க வேண்டும். பெண்கள் இதில் கூடுதல் கவனம் வைப்பது நல்லது. முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவை இணைப்புநார் கிழிவது, ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நேர்கிறது. உள்சாய்வாக இறங்குவது அதற்குரிய காரணங்களில் ஒன்று. பிட்டத் தசைகள் வலுவடைந்தால் இந்தச் சாய்வு பெருமளவு சரியாகும்.

முதல் நான்கு வாரம்: வலு

வாரத்துக்கு மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். முதலில் ஐந்து பத்து நிமிடம் உடலைச் சூடாக்குங்கள்: மெல்லோட்டம், இடுப்பைச் சுழற்றுவது, கால் வீசுவது, சில பஸ்கிகள். நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் நீட்சிகளைக் குதிப்பதற்கு முன் செய்யாமல் பயிற்சி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மேலே சொன்ன இறங்கும் பயிற்சி, ஐந்து ஐந்தாக மூன்று சுற்று. அடுத்து வலுப் பயிற்சிகள்.

பஸ்கி: முதுகு நிமிர்ந்திருக்க, மூன்று நொடி எடுத்துக்கொண்டு கீழே போங்கள். தொடை தரைக்கு இணையாக வரும்வரை இறங்கி, விரைவாக எழுங்கள். பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. குதிகால் தூக்கிக்கொள்கிறதா? நாற்காலியிலேயே காலம் கழிப்பவர்களுக்குக் கணுக்கால் இறுகிப்போயிருக்கும். தினமும் சில நிமிடம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்காருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் தளர்ந்துவிடும். தரையில் குந்தி வேலை செய்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

ஒற்றைக்கால் பஸ்கி: பின்னங்காலின் புறங்காலை உறுதியான நாற்காலியின் மீது வைத்து, முன்னங்காலால் இறங்கி எழ வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் எட்டு, மூன்று சுற்று. வீட்டுப் பயிற்சிகளில் இதற்கு இணை இல்லை என்பது என் கருத்து. எடை முழுவதும் ஒரே காலில் விழுவதால் பளு இல்லாமலேயே கால் திணறும். எந்தக் கால் பலவீனம் என்பதும் முதல் நாளே தெரிந்துவிடும். பலவீனமான காலில் தொடங்குங்கள்.

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பை உயர்த்துவது மூன்றாவது. யோகா செய்தவர்களுக்குச் சேதுபந்தாசனமாகத் தெரிந்த நிலைதான். எளிதாகிவிட்டால் ஒரு காலை நீட்டிக்கொண்டு செய்யுங்கள். நான்காவது, படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை இறக்கி ஏற்றுவது. பதினைந்து முறை, மூன்று சுற்று. மெதுவாக, முழுத் தூரமும் செய்ய வேண்டும். கடைசியாக, முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலைப் பலகைபோல் நிறுத்தும் பயிற்சி, முப்பது நொடியாக மூன்று முறை. நடுவுடல் தொய்ந்தால் கால் தள்ளும் விசை மேலே போய்ச் சேராது.

இந்த நான்கு வாரத்தில் உயரம் கூடியதாகப் பெரிதாகத் தெரியாமல் போகலாம். நாள்களைக் குறைத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை: பளுவும் எம்பலும்

இனி பளு வேண்டும். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ என்ற கணக்கில் முதுகுப்பையில் அடுக்கலாம். 20 லிட்டர் தண்ணீர் கேனை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கலாம். வலு மிகுந்தவர்கள் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தோளில் வைத்தும் பஸ்கி செய்யலாம். எட்டாவது முறை கடினமாகவும், அதன்பின் இன்னும் இரண்டு செய்ய முடியும் என்ற நிலையிலும் இருக்கும் பளுவே சரியானது. சுற்றுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம் உட்காருங்கள்.

எம்பும் பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள். இரண்டுக்கும் இடையில் குறைந்தது இரண்டு முழு நாள்கள் இடைவெளி இருக்கட்டும். அதே நாளில் வலுப் பயிற்சியும் செய்வதானால் எம்புவதுதான் முதலில், களைப்பு வருவதற்கு முன். உடல் சூடேறிய பிறகு:

உயரத்தில் ஒரு குறியை வைத்துக்கொண்டு அதைத் தொட எம்புங்கள். மாமரக் கிளையோ கொடிக்கயிற்றில் கட்டிய துணியோ போதும். தொட ஒன்று இருக்கும்போது உடல் தன் முழுப் பலத்தையும் கொடுக்கிறது. ஐந்து முறை, நான்கு சுற்று. ஒவ்வொரு எம்பலுக்கும் நடுவே பத்து நொடி, சுற்றுகளுக்கு நடுவே இரண்டு நிமிடம். அடுத்து, பாதி உட்கார்ந்த நிலையில் இரண்டு நொடி அசையாமல் இருந்து, மீண்டும் தாழாமல் அங்கிருந்தே எம்புவது. நான்கு முறை, மூன்று சுற்று. இதில் உயரம் கொஞ்சம் குறைவாகவே வரும். நின்ற நிலையிலிருந்து சட்டெனத் தாழ்ந்து எழும்போது தசையும் தசைநாணும் உண்டிவில் ரப்பர்போல் இழுபட்டு விசையைத் திருப்பித் தருகின்றன. உட்கார்ந்து காத்திருக்கும்போது அந்த உதவி இல்லை. வெறும் காலின் வலுவை மட்டும் சோதிக்கும் பயிற்சி என்பதால் இது தேவைப்படுகிறது. கடைசியாகக் கயிறு தாண்டுதல், முப்பது நொடியாக மூன்று முறை, முழங்காலை அதிகம் மடக்காமல் கணுக்காலால் மட்டும்.

கயிறு தாண்டுதலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஒரு நாளைக்கு மொத்தம் முப்பத்திரண்டு எம்பல்கள். "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஒவ்வொன்றையும் உயிரைக் கொடுத்துச் செய்தால் இதற்கு மேல் செய்யத் தோன்றாது. குறியைத் தொடும் விரல் தாழத் தொடங்கினால் அன்றைய பயிற்சி அத்துடன் முடிந்தது, எண்ணிக்கை மீதம் இருந்தாலும் சரி.

மாலையில் மைதானத்தில் ஆடுகிறவர்கள் அங்கே எம்புவதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரவு முழுக்க விளக்கொளியில் நடக்கும் ஊர்ப் போட்டியில் ஆடிவிட்டு மறுநாள் காலை எழுந்து மாடியில் குதிப்பது வீம்பு. அந்த வாரம் எம்பும் பயிற்சியை ஒருநாளாகக் குறைத்துவிடுங்கள்.

கை வீச்சும் ஓடிவரும் அடிகளும்

இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒருமுறை எம்பிப் பாருங்கள், பிறகு கையை வீசி எம்பிப் பாருங்கள். வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாது. இந்த அளவுக்கு உயரம் கையில் சும்மா கிடக்கும்போது பலரும் அதை எடுத்துக்கொள்வதில்லை. கைகள் பின்னால் முழுவதுமாகப் போய், உடல் தாழும் கணத்திலேயே முன்னால் வீசப்பட்டு, கால் நீளும்போது மேலே போக வேண்டும். இதற்கு மூச்சு வாங்காது, ஓய்வு நாளிலும் மெதுவாகப் பழகலாம்.

ஸ்மாஷ் அடிக்க ஓடிவரும் அடிகளை வலதுகைக்காரர் இப்படிப் பழக வேண்டும்: இடது, வலது, இடது. முதல் அடி நிதானமானது. இரண்டாவதான வலது அடி நீளமாகவும் தாழ்வாகவும் விழ வேண்டும். அப்போது கைகள் பின்னால் இருக்கும். மூன்றாவது இடது அடி உடனே, சற்று முன்னால் வந்து படிந்து, ஓட்டத்தை மேல்நோக்கித் திருப்புகிறது. கடைசி இரண்டு அடிகளும் 'டக்-டக்' என்று நெருக்கமாகக் கேட்க வேண்டும். இடதுகைக்காரருக்கு எல்லாம் எதிர்மாறு. முதலில் நடந்தே பழகுங்கள், பிறகு வேகம். கால் பின்னிக்கொள்ளாமல் ஓடிவரப் பழகும்வரை எம்ப வேண்டாம்.

ஒன்பதாம் வாரம் முதல்: துள்ளித் திரும்புதல்

1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி பெயர்பெறச் செய்த முறை ஒன்று உண்டு. மேடையிலிருந்து கீழே இறங்கி, தரையைத் தொட்டவுடனே மேலே எம்புவது. பெரிய வீரர்கள் உயரமான மேடைகளைப் பயன்படுத்துவதைப் பார்த்துவிட்டு நீங்கள் மதில் சுவரில் ஏறக் கூடாது. உங்களுக்கு இரண்டு படி, அதாவது 30 செ.மீ., போதுமானது. முந்தைய எட்டு வாரங்களையும் ஒழுங்காகச் செய்தவர்கள் மட்டும் இதைத் தொடங்க வேண்டும். சூடான தரையில் வெறுங்கால் பட்டதுபோல் தொட்டவுடனே விலக வேண்டும். குதிகால் அழுந்த உட்கார்ந்துவிட்டால் படி உங்களுக்கு உயரம் என்று பொருள். ஒரு படிக்கு இறங்கி வாருங்கள். நான்கு முறை, மூன்று சுற்று. அதோடு ஓடிவந்து எம்புவது நான்கு முறை, நான்கு சுற்று. வாரத்துக்கு இரண்டு நாள்தான்.

வலுப் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள். பளு அப்படியே இருக்கட்டும், சுற்றுகள் மட்டும் குறையட்டும்.

வலித்தால்

தொடையும் கெண்டைக்காலும் மறுநாள் வலிப்பது இயல்பு, இரண்டு நாளில் போய்விடும். முழங்கால் சில்லுக்குக் கீழே விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலித்தால் அது வேறு. வாலிபால் வீரர்களை மிகுதியாகப் பிடிக்கும் தசைநாண் கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. குதிப்பதை உடனே நிறுத்திவிட்டு, வலி கூடாத அளவுக்கு மெதுவான வலுப் பயிற்சியை மட்டும் தொடருங்கள். இரண்டு வாரத்தில் தணியாவிட்டால் இயன்முறை மருத்துவரிடம் போங்கள். வேகமாக உயரம் வளரும் வயதுச் சிறுவர் சிறுமியருக்குச் சற்றுக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல்முனையில் வீக்கத்தோடு வலி வருவதுண்டு. அது சோம்பேறித்தனம் அன்று, திட்டிக் குதிக்க வைக்காதீர்கள். ஏற்கெனவே முழங்காலிலோ கணுக்காலிலோ காயம்பட்டவர்களும் உடல் எடை மிகுந்தவர்களும் முதல் கட்டத்தை எட்டு வாரமாக நீட்டிக்கொள்வது நல்லது.

கணுக்காலில் கட்டிக்கொண்டு குதிக்கும் எடைப்பட்டைகளை வாங்காதீர்கள். மூட்டை இழுத்து, எம்பும் பாங்கையும் கெடுக்கும். முப்பது நாளில் முப்பது செ.மீ. என்று விற்கப்படும் திட்டங்களுக்கும் பணம் கொடுக்காதீர்கள். புதியவர் ஒருவர் 12 வாரத்தில் ஐந்து செ.மீ. கூட்டினால் அது நல்ல பலன். அதற்கு மேல் கிடைத்தால் மகிழ்ச்சி. இருபது செ.மீ. பின்தங்கியிருப்பவருக்கு இப்படிப் பல சுற்றுகள் தேவைப்படும். ஓடிவந்து எம்புவதும் கை வீச்சும் அந்த இடைவெளியின் ஒரு பகுதியைப் பார்த்துக்கொள்ளும்.

உணவைப் பற்றிச் சுருக்கமாக: மூன்று வேளையிலும் ஏதாவது ஒரு புரதம் இருக்கட்டும். முட்டை, மீன், பயறு, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, தயிர் என்று எதுவானாலும் சரி. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. புரதப் பொடி தேவையில்லை. தூக்கம் எட்டு மணி நேரம். இதைக் குறைத்துவிட்டு மற்ற எதைக் கூட்டியும் பயன் இல்லை.

பன்னிரண்டாம் வாரமும் அதன் பிறகும்

கடைசி வாரத்தில் எல்லாவற்றையும் பாதியாக்கி, இரண்டு நாள் முழு ஓய்வெடுத்துவிட்டு அளவெடுங்கள். முதல் நாள் அளந்த அதே இடம், அதே காலணி, அதே நேரம். உயரம் கூடவில்லை என்றால் குறிப்பேட்டைப் பாருங்கள். முதுகுப்பையின் எடை ஐந்தாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை ஏறவே இல்லையா? அப்படியானால் வலுக் கட்டத்துக்குத் திரும்புங்கள். எடை ஏறியும் உயரம் ஏறவில்லையா? ஓய்வு போதாமல் இருந்திருக்கலாம். ஒரு வாரம் ஆட்டத்தையும் விட்டுவிட்டு மறுபடி அளங்கள். பலருக்கு அப்போதுதான் கூடியது வெளியே தெரிகிறது.

போட்டிக் காலம் தொடங்கியதும் எம்பும் பயிற்சியை நிறுத்திவிடலாம். ஆட்டமே அந்த வேலையைச் செய்யும். வாரத்துக்கு ஒருநாள், போட்டிக்கு மூன்று நாள் முன்னதாக, பளுவோடு பஸ்கியும் ஒற்றைக்கால் பஸ்கியும் இரண்டிரண்டு சுற்று செய்தால் சேர்த்த வலு குறையாமல் இருக்கும். போட்டிகள் முடிந்து இரண்டு வாரம் கால்களுக்கு விடுமுறை. பிறகு மீண்டும் முதல் நான்கு வாரத்திலிருந்து தொடங்குங்கள், இம்முறை முதல் நாளிலேயே முதுகுப்பையோடு.